நீர்ப்போகக் காய்கறியும் உறைபனியும்: நீலகிரித் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் ஜனவரி, பிப்ரவரியில் விதைக்கும் நீர்ப்போகம்தான் ஆண்டின் முதல் காய்கறிப் பருவம். மழை கிடையாது. ஓடையோ கிணறோ பக்கத்தில் இருக்கிறவர்கள் பாய்ச்சி எடுக்கிற வெள்ளாமை இது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் போடுகிறோம். உறைபனி கொட்டுவதும் இதே மாதங்களில்தான். கேத்தி பாலாடா, முத்தொரை பாலாடா, நஞ்சநாடு, தலைகுந்தா பக்கமெல்லாம் தை மாதம் பிறந்தால் பேச்சே இதுதான். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குக் கீழே பதில்.

உறைபனி எந்த ராத்திரி விழும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் ஒன்று: உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை மண்ணும் இலையும் இரவில் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகமும் மூடுபனியும் இருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி திரும்பி வரும். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தால் போனது போனதுதான். காற்று வீசினால் மேலே உள்ள கொஞ்சம் சூடான காற்று கீழே கலந்துவிடும். காற்றே இல்லையென்றால் அதுவும் இல்லை. இலையின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் இலை மேலேயே வெள்ளையாக உறைகிறது.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற வானம், அசையாத காற்று, வறண்ட காற்று. வடகிழக்கு மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்து, பகலில் உதடு வெடிக்கிற அளவுக்குக் காய்ந்திருந்தால் அன்று ராத்திரி உஷார். மேகம் கவிந்த ராத்திரியில் எவ்வளவு நடுங்கினாலும் செடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

செல்போன் வானிலைச் செயலிகளில் டியூ பாயின்ட் என்று ஓர் எண் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது காற்றின் ஈரத்தைச் சொல்கிறது. மாலை ஆறு மணிக்கு அது 7, 8 என்று இருந்தால் இரவில் நீர்ப்பனி கட்டும். அப்படிக் கட்டும்போது வெளிவரும் வெப்பமே குளிர் இறங்குவதைத் தடுக்கும். அதே எண் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால், காற்றும் நின்றுவிட்டால், வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

செல்போனில் 4 டிகிரி என்றுதான் போட்டிருந்தது. காலையில் பார்த்தால் பீன்ஸ் கருகிக் கிடக்கிறது. இது எப்படி?

வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், ஒரு மரக்கூண்டுக்குள் இருக்கிறது. உங்கள் பீன்ஸ் தரையோடு இருக்கிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரைமட்டத்தில் உள்ள குளிர், நாலடி உயரத்தில் உள்ளதைவிட 3, 4 டிகிரி கூடுதல். அதனால் 4 டிகிரி என்று அறிவிப்பு வந்தாலே தாழ்வான தோட்டத்தில் உறைபனி விழலாம். செயலி காட்டும் எண் ஊட்டி நகரத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கும், உங்கள் பள்ளத்தைச் சேர்ந்ததாக இருக்காது.

ஒரு மேக்சிமம்-மினிமம் தெர்மாமீட்டர் வாங்கி, தோட்டத்தின் ஆகத் தாழ்ந்த பாத்தியில் ஒரு சாண் உயரத்துக் குச்சியில் கட்டுங்கள். இரவின் மிகக் குறைந்த எண்ணை அது பிடித்து வைத்திருக்கும். ஒரு சீசன் பார்த்தால் உங்கள் தோட்டத்துக்கும் செல்போன் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிடும். உறைபனிக்குச் செய்கிற செலவுகளிலேயே அதிகப் பயன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

மேல் தோட்டக்காரருக்கு ஒரு செடி போகவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் எந்த வழியில் இறங்குமோ அதே வழியில் இதுவும் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீர்ப்போகத்தின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் இருப்பது பள்ளத்தில், ஓடையோரத்தில். குளிர் வந்து தேங்குவதும் அங்கேதான். மேட்டில் பனி இல்லை, பாய்ச்சத் தண்ணீரும் இல்லை. பள்ளத்தில் இரண்டும் உண்டு. ஆகவே இந்தப் பருவத்தில் பாதுகாப்பு என்பது, எந்தப் பாத்தியில் எதை வைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி தீர்மானமாகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து செய்கிற வேலை எல்லாம் மீதிக் கால்வாசிக்குத்தான்.

நடைமுறையில் சொன்னால்: ஆகக் கீழ்ப் பாத்திகளில் பூண்டு, முட்டைக்கோஸ், கேரட். நடுப் படிகளில் உருளைக்கிழங்கு. பீன்ஸ், சுகினி மாதிரி ஒரு பனிக்குக்கூட நிற்காதவற்றை மேல் படிகளில், அதுவும் தாமதமாக. ஓஸ் பைப்பை நாற்பது அடி மேலே இழுப்பது சிரமம்தான். கருகிய பாத்தியைக் கொத்தி மறுபடி விதைப்பதும் சிரமம்தானே.

வேலியையும் பாருங்கள். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த உயிர்வேலி இருந்தால் அது அணை போட்டது போல்தான். குளிர் வெளியேற முடியாமல் உங்கள் பாத்தியிலேயே நிற்கும். அதில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் அடியோடு திறந்துவிடுங்கள். மேல்பக்கத்து வேலி நன்மை செய்யும். மேலிருந்து இறங்கும் குளிரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். கீழே குவித்து வைத்த களைக்குவியல், பழைய தகரம், கல்சுவர் எல்லாமே இதே கணக்குத்தான். காட்டுமாடு வராமல் இருக்கத்தான் வேலி அடைத்திருக்கிறேன் என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் இலைவேலிக்குப் பதில் அந்த இடத்தில் மட்டும் கம்பிவலை கட்டலாம். காற்று போகும், மாடு வராது.

எந்தக் காய் எவ்வளவு தாங்கும்?

தாங்காதவை: பீன்ஸ், டபுள் பீன்ஸ், தக்காளி, மிளகாய், சுகினி, வெள்ளரி. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி போனாலே இவை போய்விடும். உருளைக்கிழங்கு இலை அதைவிடச் சற்றுத் தேவலை; -1-இல் நுனி கருகும், -3 வந்தால் தரைக்கு மேல் எதுவும் மிஞ்சாது.

தாங்குபவை: பூண்டு, முட்டைக்கோஸ், புரோக்கோலி, டர்னிப், முள்ளங்கி, கேரட், பீட்ரூட். இவற்றில் இலை ஓரம் வாடலாம், செடி சாகாது. காலிஃபிளவர் செடி தாங்கும், ஆனால் பூ கட்டிவிட்டால் அந்த வெள்ளைப் பூ பழுப்படித்து விலை போகாது. இலையை மடித்துப் பூவை மூடிக் கட்டிவிட வேண்டும். பட்டாணியும் இப்படித்தான். கொடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. ஐஸ்பெர்க் லெட்யூஸ் (சாலட் கீரை) போன்ற, இங்கே சைனீஸ் என்று சொல்கிற வகைகளில் வெளி இலைத் தோல் கொப்புளமாகப் பிரிந்து பின்னர் அழுகும்.

இதெல்லாம் பழகிய செடிக்குத்தான். ஒரு வாரம் பத்து நாள் மெதுவாகக் குளிர் கூடி வந்தால் செடி தன்னைத் தயார் செய்துகொள்ளும். யூரியா போட்டு மொழுமொழுவென்று வளர்த்தால் முட்டைக்கோஸும் லேசான பனியிலேயே அடி வாங்கும். ஜனவரியில் தழைச்சத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

நீர்ப்போக உருளைக்கிழங்கை எப்போது நட்டால் தப்பும்?

குளிர் மண்ணில் நட்ட கிழங்கு முளைத்து வெளியே தலை காட்ட மூன்று, நான்கு வாரம் ஆகும். மண்ணுக்குள் இருக்கும்வரை உறைபனி அதைத் தொடாது. ஆகவே கணக்கை நடும் நாளிலிருந்து போடாமல், முளை வெளிவரும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜனவரி நடுவில் நட்டால் பிப்ரவரி நடுவில் முளை தெரியும். அதற்குள் பெரும்பனி பெரும்பாலும் குறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் அவசரப்பட்டு நட்டவர்களுக்குத்தான் இளம்பயிர் சரியாக ஜனவரிக் கடைசிப் பனியில் மாட்டும். பிப்ரவரிக் கடைசியிலும் ஒன்றிரண்டு ராத்திரி பனி விழுவதுண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த பாத்தியைக் கடைசியாக நடுங்கள்.

முளை இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்போது பனி அறிவிப்பு வந்தால் மாலையில் மண்ணை இழுத்து முளையை முழுதாக மூடிவிடலாம். மண் அணைக்கிற வேலையைக் கொஞ்சம் முன்னதாகச் செய்வது, அவ்வளவுதான். அது தானாகத் திரும்ப வெளிவரும்.

பகலில் செய்து வைத்தால் இரவில் உதவுகிற வேலை ஏதாவது உண்டா?

உண்டு. ஈர மண். காய்ந்த மண்ணில் காற்றுத்துளைகள் அதிகம். பகல் சூடு உள்ளே இறங்காது, மேலாகவே நின்று இருட்டியதும் போய்விடும். ஈரமான மண் சூட்டை ஆழமாக வாங்கி வைத்து இரவெல்லாம் மெதுவாக விடும். பனி எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தின நாளோ, அன்று காலையோ ஓர் அடி ஆழம் நனைகிற மாதிரிப் பாய்ச்சுங்கள். வெயில் விழ நேரம் வேண்டும் என்பதால் காலையிலேயே முடிப்பது நல்லது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய்ச்சினால் பகல் வெயிலை வாங்க வாய்ப்பில்லாமல் போகும். இலை மட்டத்தில் ஒரு டிகிரி, நல்ல மண்ணில் இரண்டு டிகிரி வரை வித்தியாசம் கிடைக்கும். -1 என்கிற ராத்திரியில் அந்த ஒரு டிகிரிதான் வெள்ளாமை.

அப்புறம் களை. பாத்திக்கு நடுவே புல் அடர்ந்திருந்தால் மண்ணுக்கு வெயில் விழாது, இரவில் மண்ணின் சூடு செடிக்கும் வராது. வைக்கோல், சருகு மூடாக்கும் அப்படியே. மூடாக்கு மண்ணுக்கு நல்லதுதான், வெயில் காலத்துக்கு அருமை. ஆனால் பனிக்காலத்தில் மண்ணின் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மூடாக்குக்கு மேலே நிற்கிற செடி, வெறும் மண்ணில் நிற்கும் செடியைவிட அதிகமாகக் கருகும். பூண்டு மாதிரி தாங்கும் பயிரில் பரவாயில்லை. உருளைக்கிழங்கு முளைத்த பாத்தியிலிருந்து சருகை வாய்க்கால் ஓரம் ஒதுக்கிவிடுங்கள். பனி எதிர்பார்க்கும் வாரத்தில் மண்ணைக் கொத்திப் புழுதியாக்கவும் வேண்டாம். இறுகிய ஈரமண்ணே சூட்டை நன்றாகக் கடத்தும்.

ராத்திரி முழுக்க ஸ்பிரிங்ளர் ஓட்டினால் பயிர் தப்பும் என்கிறார்களே?

தப்பும். செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளியே விடும். இலை மேல் தொடர்ந்து நீர் விழுந்து உறைந்துகொண்டே இருந்தால், அந்த வெப்பம் இலையைப் பூஜ்யத்திலேயே பிடித்து வைக்கும். கண்ணாடி போல ஐஸ் பூசியிருக்கும், உள்ளே இலை உயிரோடு இருக்கும். வெளிநாட்டு ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களில் இதைத்தான் செய்கிறார்கள்.

நிபந்தனை கடுமையானது. பூஜ்யம் வருமுன்பே தொடங்க வேண்டும். வெயில் ஏறி ஐஸ் தானாக உதிரும்வரை நிறுத்தவே கூடாது. நடுவில் கரண்ட் போனாலோ மோட்டார் நின்றாலோ நிலைமை தலைகீழ்: நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகத் தொடங்கும், ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 600 கலோரியை அது இலையிலிருந்து உறிஞ்சும். ஒன்றுமே செய்யாத பக்கத்துத் தோட்டத்தைவிட உங்களுடையது மோசமாகக் கருகும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு மணிக்கு 12,000 லிட்டர். இரவு இரண்டிலிருந்து காலை எட்டு வரை 72,000 லிட்டர். அதுவும் ஒரே நேரத்தில் மொத்தத் தோட்டமும் நனைய வேண்டும். இப்போது செய்கிற மாதிரி நாலு பட்டாம்பூச்சி ஸ்பிரிங்ளரை இடம் மாற்றி மாற்றி வைத்தால் ஆகாது. ஜனவரியில் இத்தனை தண்ணீர் எந்தக் கிணற்றில் இருக்கிறது? தொடர்ந்து இரண்டு ராத்திரி பனி விழுந்தால்? கால் ஏக்கர் விலை உயர்ந்த பயிருக்கு, நம்பகமான மின்சாரமும் ஜெனரேட்டரும் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, காலையில் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவுகிறோமே, அதனால் பயன் உண்டா?

இது வேறு வேலை. நம் ஊரில் பரவலாக நடப்பது இதுதான்: வெயில் படும் முன் ஸ்பிரிங்ளரைத் திறந்து இலையில் உள்ள வெள்ளையைக் கரைப்பது. ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் புல்வெளிக்கு அதிகாலையில் இப்படித் தண்ணீர் தெளிப்பார்கள்.

இலைக்கு வெளியே படிந்த பனி வேறு, இலைக்குள் திசுவில் நீர் உறைவது வேறு. உள்ளே உறைந்து செல் கிழிந்துவிட்டால் எந்தத் தண்ணீரும் அதை மீட்காது. லேசாக உறைந்த இலையில், நேரடி வெயிலில் திடீரென்று உருகுவதைவிட மெதுவாக உருகுவது நல்லது. கழுவுவதால் அந்த அளவுக்குக் கொஞ்சம் உதவி. அதனால் செய்யலாம், ஆனால் வெயில் வருவதற்கு முன்பே தொடங்கி, ஐஸ் முழுக்கப் போகும்வரை விட வேண்டும். ஐந்து நிமிடம் அடித்து மூடினால், அந்த ஈரமே திரும்ப உறையும். சூரியன் உதிக்கும் நேரம்தான் இரவின் ஆகக் குளிரான நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

எதை வைத்து மூடுவது?

கையில் கிடைப்பதை வைத்துத்தான். தேயிலை இளஞ்செடிகளுக்குத் தாகைச் செடியை வெட்டிப் போடுவது இங்கே பழைய வழக்கம். ஊட்டி பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடுகிறார்கள். காய்கறிக்குத் தாகை போதும், சணல் சாக்கு, பழைய சேலை, தென்னங்கீற்று எதுவும் சரி. கடையில் விற்கும் வெள்ளை நெய்யாத் துணி நல்ல வசதி: மெல்லியது ஒரு டிகிரி, கனமானது இரண்டு மூன்று டிகிரி காக்கும். ஒரே கனமான துணியைவிட இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய துணி மேல்.

எப்படி மூடுகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணி செடிக்குச் சூடு தருவதில்லை. மண்ணிலிருந்து வரும் சூட்டை அது பிடித்து வைக்கிறது. எனவே துணி தரைவரை இறங்கி, ஓரத்தில் மண்ணோ கல்லோ வைத்து அடைத்திருக்க வேண்டும். செடியின் தலையில் மட்டும் சுற்றிக் கட்டினால் மண் சூடு வெளியே போய்விடும். வெயில் தாழ்ந்து மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, நாலரை ஐந்து மணிக்கு மூடுங்கள். இரவு பத்து மணிக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். காலையில் ஐஸ் உருகியதும் எடுத்துவிட வேண்டும். மண் அன்றைய வெயிலை வாங்கினால்தான் அடுத்த ராத்திரிக்கு உதவும்.

காட்டுப்பன்றி வருகிற இடமானால் துணியைக் காலையில் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருக்கும். அங்கே தாகையே மேல். கிழிந்தாலும் நஷ்டமில்லை.

பிளாஸ்டிக் ஷீட்?

இலையில் படாமல் வளைவுக் கம்பி மேல் போட்டால் ஆகும். இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். சாதாரண பாலித்தீன் வெப்பக்கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காப்பது குறைவு. காலையில் எடுக்க மறந்தால் பத்து மணி வெயிலில் உள்ளே செடி வெந்துவிடும். என்னைக் கேட்டால் துணிதான்.

புகை போடலாமா?

வேண்டாம். புகையின் துகள் மிகச் சிறியது. மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிர் அதற்குள் நுழைந்து போய்விடும். கண்ணுக்குத்தான் மறைப்பு. நெருப்பின் சூடு உதவும், ஆனால் ஒரு பெரிய நெருப்பு மூட்டினால் சூடு நேராக மேலே ஏறிப் போகும், பக்கத்துக் குளிரைத் தோட்டத்துக்குள் இழுத்தும் விடும். உதவ வேண்டுமானால் தோட்டம் முழுக்கச் சிறு சிறு நெருப்பாக விடியும்வரை எரிய வேண்டும். அவ்வளவு விறகு யாரிடம் இருக்கிறது? பிப்ரவரியில் புல்வெளியும் காடும் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். டயர் எரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

ஜப்பானில் தேயிலைத் தோட்டத்தில் காற்றாடி வைத்திருக்கிறார்களே?

ஆமாம், கம்பத்தின் மேல் மின்விசிறி. பனி ராத்திரியில் தரையைவிட இருபது அடி உயரத்தில் காற்று சூடாக இருக்கும்; அதைக் கீழே தள்ளுகிறார்கள். தத்துவம் சரியானது. துண்டு துண்டான நம் படித் தோட்டங்களுக்குச் செலவு கட்டாது.

நாற்றங்கால், புரோட்ரே (குழித்தட்டு) நாற்றுகளை எப்படிக் காப்பது?

இடம் சிறியது என்பதால் இங்கே எல்லாமே எளிது. தட்டுகளைத் தரையில் வைக்காமல் பெஞ்சில் வைத்தால் அடியிலும் குளிர் படும். பனி நாட்களில் தரையிலேயே வைத்து, மேலே வளைவு கட்டி இரட்டைத் துணி போடுங்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய கறுப்புக் கேன்கள் நாலைந்து வையுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஆறும்போது 200 கிலோகலோரி வெளியே விடுகிறது. சின்னக் குடிலுக்கு அது நல்ல உதவி. பகலில் கேன் மேல் வெயில் பட வேண்டும், அது முக்கியம்.

முட்டைக்கோஸ், புரோக்கோலி நாற்றை நடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, துணியை விலக்கி வெளிக்குளிரைக் காட்டுங்கள். குடிலுக்குள்ளிருந்து எடுத்து அன்றே பாத்தியில் வைத்த நாற்றுதான் முதல் பனியில் படுக்கும். தக்காளி, மிளகாய் நாற்றை எவ்வளவு பழக்கினாலும் உறைபனி தாங்காது.

பாலிஹவுஸ் இருந்தால் கவலையில்லையா?

முழுதாக இல்லை. சூடாக்கும் வசதி இல்லாத ஒற்றைப் பாலித்தீன் கூரை, தெளிந்த இரவில் ஒன்றிரண்டு டிகிரிதான் காக்கும். சில ராத்திரி உள்ளே வெளியைவிடக் குளிராகவும் போகும். கூரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், வெளிக்காற்றோ உள்ளே வராது. மூன்று மணிக்கெல்லாம் பக்கத்துத் திரையை இறக்கிச் சூட்டை அடைத்து, உள்ளே செடிக்கு மேல் இன்னொரு துணி போட்டால் குடைமிளகாய் தப்பும்.

உறைபனி மருந்து என்று கடையில் ஒன்று விற்கிறார்கள். அடிக்கலாமா?

பணத்தை வைத்துக்கொண்டு துணி வாங்குங்கள். சாம்பல்சத்து குறைவில்லாத செடி ஓரளவு திடமாக நிற்கும் என்பது சரி, ஆனால் பனிக்கு முந்தின நாள் அடிக்கிற டானிக் எதுவும் -2 டிகிரியைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதில் ஒரு சுவையான கதை உண்டு. இலை மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவில் உள்ள ஒரு புரதம் பனிக்கட்டி உருவாகத் தூண்டுகிறது. அது இல்லாவிட்டால் இலைநீர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் உறையாமல் இருக்கும். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை 1987-இல் கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரியிலும் டூலிலேக் என்ற ஊரில் உருளைக்கிழங்கிலும் தெளித்துச் சோதித்தார்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிரைத் திறந்த வெளியில் விட்ட முதல் சோதனைகள் என்பதால் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அது விவசாயி கைக்கு வரும் பொருளாக வளரவில்லை.

காலையில் வெள்ளையே இல்லை. ஆனாலும் மதியம் செடி கறுத்துவிட்டது. இதுவும் பனிதானா?

பனிதான். காற்று ரொம்ப வறண்டிருந்தால் வெளியே படிய ஈரமே இருக்காது. இலைக்குள் இருக்கும் நீர் மட்டும் உறையும். காலை ஏழு மணிக்கு உருளைக்கிழங்கு இலையைத் தொட்டால் விறைப்பாக இருக்கும். எட்டரைக்கு வெந்த கீரை மாதிரித் துவண்டு கரும்பச்சையாகும். பதினொன்றுக்குக் கறுப்பு. பூச்சிமருந்துக் கடைக்கு இலையைக் கொண்டுபோனால் கருகல் நோய் என்று மருந்து கொடுத்துவிடக்கூடும். வித்தியாசம் எளிது: கருகல் நோய் புள்ளியாகத் தொடங்கி நாள்கணக்கில் பரவும், பனி ஒரே காலையில், தாழ்ந்த பாத்திகளில், மேல் இலைகளில் மொத்தமாக அடிக்கும்.

கருகிவிட்டது. இனி என்ன செய்வது?

நாலைந்து நாள் ஒன்றும் செய்யாதீர்கள். கருகிய இலையை அன்றே வெட்ட வேண்டாம். அடுத்த ராத்திரிப் பனிக்கு அதுவே கீழே உள்ள கணுக்களுக்கு மறைப்பு. எது செத்தது, எது பிழைத்தது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இளம் உருளைக்கிழங்கு என்றால் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து திரும்பத் தழைக்கும். இரண்டு மூன்று வாரம் பின்தங்கும், விளைச்சல் ஓரளவு குறையும், ஆனால் உழுது போட அவசரம் இல்லை. துளிர் வந்த பிறகே மேலுரம். அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கருகினால், தண்டை அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விட்டுத் தோல் முற்றியதும் தோண்டுங்கள். கேரட், பீட்ரூட் நடுக்குருத்து பச்சையாக இருந்தால் தேறிவிடும். பீன்ஸ், சுகினி தேறாது. மார்ச் விதைப்புக்குத் தயாராகுங்கள். முட்டைக்கோஸ், ஐஸ்பெர்க்கில் அடிபட்ட வெளி இலைகளில் அழுகல் ஏறும் என்பதால் ஐந்தாறு நாள் கழித்து அவற்றை உரித்து அப்புறப்படுத்துங்கள்.

பனி அடிக்கவில்லை, ஆனால் கேரட்டும் முட்டைக்கோஸும் பூத்தண்டு தள்ளுகிறது. ஏன்?

இதுவும் குளிரின் வேலைதான், வேறு வழியில். ஓரளவு வளர்ந்த செடி வாரக்கணக்கில் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால், குளிர்காலம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பூக்கப் போகும். பிறகு கிழங்கு நார் ஏறும், கோஸ் கட்டாது. இரவுத்துணி இதற்குப் பெரிதாக உதவாது. விதை வாங்கும்போதே சீக்கிரம் பூத்தண்டு தள்ளாத ரகமா என்று கேட்டு வாங்குவதும், அதிக வயதான நாற்றை நடாமல் இருப்பதும்தான் வழி.

நிவாரணம், காப்பீடு கிடைக்குமா?

கடுங்குளிரும் உறைபனியும் பேரிடர் நிவாரணப் பட்டியலில் 2012 முதல் இருக்கின்றன. ஆனால் அந்தப் பருவத்தில் உங்கள் பிர்க்காவுக்கு, உங்கள் பயிருக்குக் காப்பீடு அறிவித்திருக்கிறார்களா என்பதை விதைக்கும்போதே தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பாதிப்பு நடந்தால் அன்று காலையே தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். அதிகாரி வந்து பார்க்கும் முன் உழுதுவிடாதீர்கள்.

கொடைக்கானல், மூணாறு, நுவரெலியாவுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான். அங்கெல்லாமும் பனி ஜனவரி, பிப்ரவரியில், வானம் தெளிந்த ராத்திரிகளில், பள்ளத்தில்தான் அடிக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஊட்டியைவிடத் தாழ்வு. ஆனாலும் அங்கே உருளைக்கிழங்கும் தேயிலையும் பனியில் கருகுவதுண்டு. உயரம் மட்டுமே கணக்கில்லை. பூண்டு நட்ட கொடைக்கானல் மேல்மலைக்காரர் பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் போடப் போகிறார் என்றால், அவரும் முதலில் ஒரு தெர்மாமீட்டரைக் குச்சியில் கட்டட்டும்.